வித்தும் விளைநிலமும்

வித்து எத்தனை வீரியமானதாயினும் நிலம் ஒத்துவராவிட்டால் முளைக்காது. உழவர் யாவரும் அறிந்த இந்த எளிய உண்மையைப் புற்றுநோய் ஆய்வு முழுமனதோடு ஏற்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1889 மார்ச்சில் லான்செட் இதழில் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மார்பகப் புற்றுநோயால் மாண்ட 735 பேரைப் பற்றிய பதிவுகளை அவர் ஆராய்ந்திருந்தார். கல்லீரலுக்கு நோய் பரவியிருந்தவர்கள் 241 பேர். மண்ணீரலுக்குப் பரவியிருந்தவர்கள் 17 பேர் மட்டுமே. இத்தனைக்கும் மண்ணீரலுக்குக் குருதிப் பாய்ச்சலில் குறைவில்லை. செடியின் விதைகள் எல்லாத் திசைகளிலும் பறந்தாலும் தகுந்த மண்ணில்தான் முளைக்கின்றன என்று பேஜட் விளக்கம் தந்தார். வித்தைப் பலரும் ஆராய்கிறார்கள், நிலத்தையும் ஆராய வேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள்.

அந்த வேண்டுகோளுக்குப் புராஸ்டேட் புற்றுநோயைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை எனலாம். முற்றிய நிலையில் அது பெரும்பாலும் எலும்பையே நாடுகிறது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் அதன் விருப்பமான இடங்கள். பல புற்றுநோய்கள் எலும்பை அரிக்க, இதுவோ பெரும்பாலும் புதிய எலும்பை அடுக்கிக்கொண்டே போகிறது. அந்த எலும்பு அடர்த்தியானது, ஆனால் ஒழுங்கற்றது, எளிதில் முறிவது. ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் ரெக்லிங்ஹவுசன் இதை 1891இலேயே விவரித்துவிட்டார்.

ஆயினும் 1920களில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஈவிங் குருதியோட்டமும் நாளங்களின் அமைப்புமே பரவலை விளக்கப் போதும் என்றார். அவருடைய செல்வாக்கில் பேஜட் மங்கிப்போனார். 1940இல் பிலடெல்பியாவின் ஆஸ்கார் பேட்சன், இடுப்புப் பகுதிச் சிரைகள் முதுகெலும்பைச் சுற்றியுள்ள வால்வுகளற்ற சிரைப் பின்னலோடு இணைவதைக் காட்டியபோது ஈவிங்கின் கட்சி மேலும் வலுப்பெற்றது. வித்து போகும் வழி தெரிந்துவிட்டது; போன இடத்தில் அது ஏன் வேரூன்றியது என்ற கேள்விக்கு மட்டும் விடையில்லை.

1941இல் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ், நாய்களின் புராஸ்டேட் சுரப்பியில் தாம் கற்றதை மனிதரிடம் கொண்டுவந்தார். ஆண்மைச் சுரப்பை நிறுத்தியதும் எலும்பு வலியில் துடித்தவர்கள் பலர் நிவாரணம் பெற்றனர். இதற்காக 1966இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் காலப்போக்கில் நோய் அந்தச் சுரப்பில்லாமலே வளரப் பழகி எலும்பில் மீண்டும் தலைதூக்கியது. எலிகளோ இவ்வாய்வுக்கு இயல்பில் உதவவில்லை. அவற்றுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் தானாக வருவது மிக அரிது.

1979இல் 62 வயது மனிதர் ஒருவரின் எலும்பில் பரவியிருந்த கட்டியிலிருந்து பி.சி.-3 என்ற உயிரணு வரிசை உருவாக்கப்பட்டது. உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் அது வளர்க்கப்படுகிறது. ஆனால் எலியின் எலும்பில் செலுத்தினால் பி.சி.-3 எலும்பைக் கட்டுவதில்லை, அரிக்கிறது. நோயாளிகளிடம் பெரும்பாலும் காணப்படுவதற்கு நேர்மாறான காட்சி இது. இதை மட்டும் நம்பி ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்தால், மனிதரிடம் அரிதாக உள்ள நோய்க்கே மருந்து கண்டவர்களாவோம்.

1980இல் ஐசையா ஃபிட்லரும் இயன் ஹார்ட்டும் பேஜட்டை மீட்டெடுத்தனர். எலியின் உடலில் நுரையீரல், கருப்பை முட்டையகம், சிறுநீரகம் ஆகியவற்றின் துணுக்குகளைப் பதியம் வைத்து, மெலனோமா உயிரணுக்களைக் குருதியில் விட்டனர். முதலிரண்டிலும் கட்டி முளைத்தது. சிறுநீரகத் துணுக்கில் முளைக்கவில்லை. 1999இல் டெட்ராய்ட் ஆய்வாளர்கள் எதிர்ப்பாற்றலற்ற எலிகளில் மனிதக் கருவின் எலும்பைப் பதித்து, மனிதப் புராஸ்டேட் புற்று உயிரணுக்களைக் குருதியில் செலுத்தினர். அவை மனித எலும்பில் குடியேறின, எலியின் சொந்த எலும்பைத் தீண்டவில்லை. கருவின் எலும்பைப் பயன்படுத்துவது எழுப்பும் அறக்கேள்விகள் எளியவையல்ல. ஆனால் நிலத்தின் பங்கை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

நிலத்தை நோக்கியதன் பயனும் வந்தது. கால்சியத்தைப் போல நடந்துகொள்ளும் ரேடியம்-223, எலும்பு புதிதாக உருவாகும் இடங்களில் போய்ப் படிகிறது. அதாவது அது கட்டியைத் தேடுவதில்லை, கட்டி திருத்திவைத்த மண்ணைத் தேடுகிறது. நார்வே ஆய்வாளர்கள் 2002இல் அதை எலிகளில் சோதித்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது மார்பகப் புற்று உயிரணுக்களை, பேஜட் ஆராய்ந்த அதே நோயின் வித்தை. 2013இல் வெளியான, 921 புராஸ்டேட் நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில் இடைநிலை வாழ்நாள் 11.3 மாதங்களிலிருந்து 14.9 மாதங்களாக உயர்ந்தது. அவ்வாண்டே அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

மூன்றரை மாதம் அற்பமென்று தோன்றலாம். வலி குறைந்த மூன்றரை மாதம் என்னவென்பதை அத்தகைய படுக்கையருகே அமர்ந்தவர்கள் அறிவார்கள். இடையில் அரை நூற்றாண்டு நிலத்தைப் பாராமல் கழிந்ததே என்பதுதான் இந்த வரலாறு நம்மிடம் விட்டுச்செல்லும் வருத்தம்.