தபாலில் வந்த மரக்குதிரை

1989 டிசம்பர். லண்டனிலிருந்து கிட்டத்தட்ட 20,000 ஃப்ளாப்பிகள் தபாலில் கிளம்பின. 5.25 அங்குல சைஸ், எடுத்து விசிறினா காத்து வருமே, அந்த ஃப்ளாப்பி. மேலே எய்ட்ஸ் பற்றிய தகவல் வட்டு என்று லேபிள். அனுப்புனர் பிசி சைபோர்க் கார்ப்பரேஷன். போய்ச் சேர்ந்தது யாருக்குன்னா, உலக சுகாதார நிறுவனம் நடத்திய எய்ட்ஸ் மாநாட்டுக்குப் போனவர்களுக்கும், ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையின் சந்தாதாரர்களுக்கும். எய்ட்ஸ் என்றாலே உலகம் நடுங்கிய காலம் அது. ஆராய்ச்சி செய்பவன் கையில் அப்படி ஒரு வட்டு கிடைத்தால் போடாமல் இருப்பானா?

போட்டார்கள். உள்ளே நிஜமாகவே ஒரு கேள்வித்தாள் புரோகிராம் இருந்தது. கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உங்களுக்கு எய்ட்ஸ் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும். கூடவே ஒரு துண்டுச்சீட்டு. இதைப் பயன்படுத்தினால் காசு கட்டணும், கட்டாவிட்டால் உங்க கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடாமல் போகும் என்று அதில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். திருடன் வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு உள்ளே வந்த கதை. யார் படிச்சா? இன்னைக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை நாம படிச்சுட்டா அமுக்குறோம் :-)

பேர் விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. ட்ரோஜன் என்றால் ட்ராய் ஊர்க்காரன். குதிரையைச் செஞ்சு ஏமாத்தினவன் கிரேக்கன். ஏமாந்த ஊரின் பேரைப் போய் களவாணி மென்பொருளுக்கு வெச்சுட்டாங்க. வைரஸ் தானே பரவும். ட்ரோஜன் அப்படி இல்லை, நாமதான் கதவைத் திறந்து உள்ளே இழுத்துட்டு வரணும். அதனாலதான் இந்த மனுஷன் 20,000 உறைக்கும் ஸ்டாம்ப் செலவு பண்ண வேண்டியிருந்தது.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன். டாஸ் காலத்தில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானாக ஓடுவது ஆட்டோஎக்சிக்.பேட் என்ற கோப்பு. அதில் 'ரெம்' என்று ஆரம்பிக்கும் வரி வெறும் குறிப்பு. கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்காது, மனுஷன் படிக்கத்தான். இந்த ட்ரோஜன் பழைய ஆட்டோஎக்சிக்கை ஆட்டோ.பேட் என்று வேறு பேரில் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் தன்னுடையதை வைத்தது. திறந்து பார்த்தால் ஒரு ரெம் வரி, 'வசதிக்காக இனி ஆட்டோ.பேட் கோப்பைப் பயன்படுத்தவும்' என்ற பொருளில். பார்த்தவன் சரி, ஏதோ குறிப்பு என்று மூடிவிடுவான். ஆனால் அந்த ரெம்மை ஒட்டினாற்போல கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து உட்கார்ந்திருக்கும். 255ஆம் எண் எழுத்து, திரையில் வெறும் இடைவெளியாகத்தான் தெரியும். அது சேர்ந்ததும் 'ரெம்' குறிப்பு இல்லை, அதே பேரில் இருக்கும் ஒரு புரோகிராம்! அது ஒளிஞ்சிருந்த டைரக்டரியின் பேரும் அதே வெத்து எழுத்துதான். குறிப்பு மாதிரி தெரிஞ்ச வரிதான் ஒவ்வொரு தடவையும் ட்ரோஜனை எழுப்பிவிட்டுக்கொண்டு இருந்தது. அயோக்கியத்தனம்தான், ஆனா மூளை மூளைதான்.

அது எழுந்து செய்த வேலை எண்ணுவது. சுமார் 90 தடவை ஆன் செய்த பிறகு கோப்புகளை மறைத்து, பேர்களையெல்லாம் குழப்பி எழுதிவிடும். அப்புறம் பிரிண்டரை ஆன் செய்யச் சொல்லி ஒரு பில் அடித்துக் கொடுக்கும். 365 தடவை பயன்படுத்த 189 டாலர், ஹார்ட் டிஸ்க் ஆயுளுக்கும் வேண்டுமென்றால் 378 டாலர். அனுப்ப வேண்டிய முகவரி பனாமாவில் ஒரு தபால் பெட்டி.

கொடுமை என்னன்னா, கோப்புகளின் உள்ளடக்கத்தை அது தொடவே இல்லை. பேரை மட்டும்தான் மாற்றியது. அதுவும் ஒரு எழுத்துக்குப் பதில் இன்னொரு எழுத்து என்கிற ஸ்கூல் பையன் ரகசிய மொழி. ஜிம் பேட்ஸ் என்பவர் அதைப் பிரித்து மேய்ந்து, 1990 ஜனவரி 'வைரஸ் புல்லட்டின்' இதழில் முழுசாக எழுதினார். எய்ட்ஸ்அவுட் என்று நீக்குவதற்கு ஒரு புரோகிராம், கிளியர்எய்ட் என்று பேர்களை மீட்பதற்கு இன்னொன்று, இரண்டும் செய்தார். ஆனால் அதுவரை பலருக்குப் பொறுமை இல்லை. பயத்தில் டிஸ்க்கையே சுத்தமாக அழித்தார்கள். இத்தாலியில் ஒரு எய்ட்ஸ் ஆய்வு அமைப்பின் பத்து வருட உழைப்பு அப்படிப் போனதாகச் செய்தி வந்தது. ட்ரோஜன் அழிக்காததை பயம் அழித்தது. பெல்ஜியத்தில் எடி வில்லம்ஸ் என்பவர் அதே வட்டைப் போட்டு மாட்டிக்கொண்டு, நிதானமாக நோண்டி, தானே சரிசெய்தார். வட்டை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாராம்.

செய்தவர் ஜோசப் பாப். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கிய பரிணாம உயிரியல்காரர், பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் தாறுமாறாக நடந்துகொண்டு சந்தேகத்தில் விழுந்தார். பிறகு அமெரிக்காவில் கைதாகி, பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். பணம் எய்ட்ஸ் ஆராய்ச்சிக்குத்தான் என்றார். தாடியில் கர்லர் சுற்றிக்கொண்டும், தலையில் அட்டைப்பெட்டியை மாட்டிக்கொண்டும் திரிந்ததாகச் சொல்கிறார்கள். விசாரணையைத் தாங்கும் மனநிலையில் இல்லை என்று 1991 நவம்பரில் நீதிபதி விட்டுவிட்டார். நடிப்பா நிஜமா, ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பிற்பாடு நியூயார்க் மாநிலத்தில் ஒனியோண்டா என்ற ஊரில் அவர் பேரில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வந்தது, அது தனிக்கதை.

அவர் சறுக்கிய இடத்தை 1996இல் ஆடம் யங், மோட்டி யங் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் (உறவு இல்லை, தமிழில் எழுதினா ஒண்ணா தெரியுது) கட்டுரையாக்கினார்கள். பூட்டும் சாவியும் ஒரே புரோகிராமுக்குள் இருந்தால் எவனும் பிரித்து எடுத்துவிடுவான். பூட்டும் சாவி ஒன்று, திறக்கும் சாவி வேறொன்று என்று வைத்து, திறப்பதைத் தன்னிடமே வைத்துக்கொண்டால்? எச்சரிக்கையாகத்தான் எழுதினார்கள். 2013இல் கிரிப்டோலாக்கர் வந்து அதை அச்சு அசலாகச் செய்து காட்டியது. இந்த முறை உள்ளடக்கமே பூட்டப்பட்டது.

அதே தபால் வேலை இப்போ வாட்ஸப்பில் நடக்குது. கல்யாணப் பத்திரிகை என்ற பேரில் ஒரு ஏபிகே கோப்பு. ஊரில் சித்தப்பா அதைத் தொட்டுட்டார். "யாருக்குடா கல்யாணம்னு பார்க்கத்தான் திறந்தேன்." பத்திரிகையும் வரலை, போன் திரையில் ஐகானும் இல்லை. அழிச்சுட்டுப் புதுசா போட்டுடவா என்று கேட்டார், உள்ளே பாட்டியின் கடைசி வருஷப் படங்கள் இருந்தன, வேறெங்கும் காப்பி கிடையாது. முதலில் ஃப்ளைட் மோட், எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி வெளியே போகக்கூடாது. சிம்மைக் கழற்றி பட்டன் போனில் போட்டு பேங்குக்கு போன். கேபிள் வழியாகப் படங்களை மட்டும் இறக்கியாச்சு. செட்டிங்ஸில் ஆப் பட்டியலைப் பார்த்தால் அன்னைக்குத் தேதியில் ஒன்று இருந்தது, ஆனா அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடந்தது. டிவைஸ் அட்மின் அனுமதியை அதுவே வாங்கி வைத்திருந்தது. அதைப் பிடுங்கினதும் பட்டன் உயிர் வந்தது. படங்கள் பத்திரமா வந்ததான்னு பார்த்த பிறகுதான் போனை மொத்தமா ரீசெட் பண்ணச் சொன்னேன். 412 படம், எண்ணிப் பார்த்துட்டு சித்தப்பாவே சொன்னார்.