நாட்பட்ட துயரம்

நாட்பட்ட துயரம் என்பது, தீராத நோயோ குறைபாடோ தம் பிள்ளைக்கு இருப்பதாக அறிந்த பெற்றோரிடம் வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது தலைதூக்கும் வருத்தத்தைக் குறிக்கும் கலைச்சொல் ஆகும். அமெரிக்கரான சைமன் ஓல்ஷான்ஸ்கி 1962ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில் இதனை அறிமுகப்படுத்தினார்.

இதற்கு முந்தைய ஆண்டில்தான் சோல்னிட், ஸ்டார்க் என்னும் இருவர், குறைபாட்டுடன் குழந்தை பிறக்கும்போது பெற்றோர் தாம் எதிர்பார்த்திருந்த நலமான குழந்தையை இழந்ததற்காகத் துக்கப்படுகின்றனர் என்று விளக்கியிருந்தனர். பிள்ளை கண்முன் இருக்கும்போதே இழப்பு என்பது ஆழமான பார்வை. ஆனால் துக்கம் என்றால் ஒரு நாள் ஆறவேண்டும் என்பதே அன்றைய ஆலோசகர்கள் பலரின் எதிர்பார்ப்பு. ஆறாத பெற்றோர் 'உண்மையை ஏற்காதவர்கள்' எனப்பட்டனர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோருடன் பழகிய ஓல்ஷான்ஸ்கி இதை மறுத்தார். பிள்ளை தம்மைச் சார்ந்தே வாழும்வரை பெற்றோரின் வருத்தமும் உடன் வாழும். அது இயல்பானது, நோயன்று என்றார். 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று வற்புறுத்துவது பெற்றோரின் சுமையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. அவர்களை மனம்விட்டுப் பேசவிட வேண்டும். கூடவே பகல்நேரக் காப்பகம், சிறப்பு வகுப்பு, வளர்ந்தபின் தொழிற்கூடம் முதலியவை கிடைக்கச் செய்ய வேண்டும். ஆறுதல் சொற்களோடு நில்லாமல் அன்றாட உதவியைக் கேட்டதே இக்கட்டுரையின் சிறப்பு.

எனினும் படிநிலைக் கருத்து மறைந்துவிடவில்லை. 1975இல் டென்னிஸ் டிரோட்டரும் உடன் ஆய்வாளர்களும் அதிர்ச்சி, மறுப்பு, துயரமும் சினமும், தகவமைவு, மறுசீரமைப்பு என ஐந்து நிலைகளை வகுத்தனர். படிக்க எளிதான பட்டியல். ஆனால் வாழ்க்கை அவ்வாறு வரிசையாக நடப்பதில்லை. 1981இல் விக்லர், வாசோ, ஹாட்பீல்டு மூவரும் பெற்றோரிடமும் சமூகப் பணியாளர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டனர். பணியாளர்கள் தொடக்ககாலத் துயரை மிகைப்படுத்தியும், பிற்காலத் துயரைக் குறைத்தும் மதிப்பிட்டிருந்தனர். நடக்கும் வயது, பள்ளியில் சேரும் வயது, 21ஆம் பிறந்தநாள் என மற்றப் பிள்ளைகள் சாதாரணமாகக் கடக்கும் படிகளே இப்பெற்றோரின் புண்ணைக் கிளறுகின்றன. அந்நாட்களில் ஆலோசகர் யாரும் அருகில் இருப்பதில்லை.

பின்னர் செவிலியர் துறையினர் இக்கருத்தை மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கு அப்பாலும் விரித்தனர். ஈக்ஸ், பர்க், ஹெயின்ஸ்வொர்த் ஆகியோர் 1998இல் இதைக் கோட்பாடாக அமைத்தனர். 2000இல் வெளிவந்த ஒரு கட்டுரை, முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு இதனைப் பொருத்திப் பார்த்தது. 1922இல் இன்சுலின் சிகிச்சை வருமுன் அக்குழந்தைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. இன்று அவர்கள் வளர்ந்து ஆளாகின்றனர். பெற்றோரோ, நோயை அறிந்த அதிர்ச்சி அடங்கும் முன்பே, ஊசி போடவும் சர்க்கரை அளவைப் பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டியவர்களாகின்றனர்.