மங்கிய முன்விளக்கும் பொய்த் தொடர்பும்

காரின் முன்விளக்கைப் பிரெஞ்சில் 'ஃபார்' என்பார்கள். கடற்கரையில் நிற்கும் கலங்கரை விளக்கத்துக்கும் அதே சொல்தான். எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தின் எதிரே ஃபாரோஸ் என்ற தீவில், கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 280 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கலங்கரை விளக்கத்திலிருந்து வந்த பெயர் அது. கடலும் கலங்கரை விளக்கமும் உள்ள ஊரில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இந்தச் சொல் எளிதாக மனத்தில் தங்கியது.

எட்டத்துக்கு அடிக்கும் ஒளி 'ஃபார்' என்றால், எதிரே வண்டி வரும்போது தாழ்த்திக்கொள்ளும் ஒளிக்குப் பெயர் 'கோத்'. 1921-ல் பிரான்சில் வந்த சாலை விதித்தொகுப்புக்கு 'கோத் த லா ரூத்' என்று பெயர். எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது என்று விதி கேட்டது. அந்த விதியின் பெயரே விளக்குக்கும் நிலைத்துவிட்டது. நாம் 'பிரைட்', 'டிம்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். பிறகு 1937 ஜனவரி முதல் அந்நாட்டில் புதிய வண்டிகளுக்கு மஞ்சள் ஒளிதான் கட்டாயம் என்றார்கள். கண் கூச்சம் குறையும் என்பது காரணம். ஐரோப்பா முழுவதற்கும் ஒரே விதி வந்த 1993 வரை அது நீடித்தது. நம் ஊரில் பிரான்சுக்குப் போய்வந்த உறவினர் இல்லாத தெரு குறைவு. அவர்களில் பழைய ஆட்களைக் கேட்டால், பாரிஸ் சாலைகளில் இரவில் வரிசையாக வரும் மஞ்சள் விளக்குகளைப் பற்றி இன்றும் சொல்வார்கள்.

இவையெல்லாம் ஒளியின் வரலாறு. நான் எழுத வந்தது அந்த ஒளிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் இருக்கும் ஒரு சின்னப் பொருளைப் பற்றி. வயரும் வயரும் சேரும் இடம், வயரும் பல்பும் சேரும் இடம், வயரும் வண்டியின் பாடியும் சேரும் இடம் ஆகியவைதான் அது. இந்த இடங்களில் வரும் கோளாறுக்குப் பிரெஞ்சில் 'ஃபோ கோந்தாக்த்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'பொய்த் தொடர்பு'. தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரியும், ஆனால் தொடர்பு இருக்காது. நம் பட்டறைகளில் 'லூஸ் காண்டாக்ட்' என்கிறார்கள். ஆனால் பல நேரம் அது லூசாகவே இருக்காது. இறுக்கமாகத்தான் இருக்கும். இடையில் களிம்பு இருக்கும்.

தொடக்கக் காலத்துக் காரில் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் அதில் வயரே கிடையாது. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் வரும் அசிட்டிலீன் வாயுவைக் குழாய் வழியே கொண்டுவந்து எரித்தார்கள். 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டிய லூயி பிளெரியோவை எங்கள் பாடப்புத்தகம் வீரராகக் காட்டியது. அவர் விமானம் கட்டச் செலவழித்த பணம், அசிட்டிலீன் கார் விளக்கு விற்றுச் சம்பாதித்தது. 1912-ல் அமெரிக்கக் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரும் மின் விளக்கும் வந்தன. 1913-ல் ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் டைனமோவையும் முன்விளக்கையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து வாயுக்குழாய் போய் வயர் வந்தது. வயரோடு இணைப்புகளும் வந்தன.

நம் பக்கத்துச் சாலைகளில் நீண்ட காலம் ஓடியது ஆங்கிலேயர் வழி வந்த வயரிங். பர்மிங்ஹாமில் விளக்கு விற்று முன்னுக்கு வந்தவர் ஜோசப் லூகாஸ். 1879-ல் அவர் கொண்டுவந்த சைக்கிள் விளக்கின் பெயர் 'சாலையின் ராஜா'. பின்னாளில் லூகாஸ் வயரிங் உள்ள கார்களை வைத்திருந்தவர்கள் அதே நிறுவனத்துக்கு 'இருட்டின் இளவரசன்' என்று பட்டம் கொடுத்தார்கள். 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் நிர்வாகம் இந்தியாவிடம் வந்து சில ஆண்டுகளில், 1957-58 வாக்கில், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் காரை அடிப்படையாக வைத்து அம்பாசிடர் வெளிவந்தது. 1961-ல் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ்., சென்னை பாடியில் தொழிற்சாலை அமைத்தது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும்வரை, அரசு அலுவலகம் என்றால் வாசலில் அம்பாசிடர் என்றிருந்தது.

அந்த வயரிங்கைக் குறை சொல்வதற்கு முன் அதன் ஒழுங்கையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறம். பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு. சுவிட்சிலிருந்து டிம்-டிப் சுவிட்ச்சுக்குப் போவது நீலம். அங்கிருந்து பிரைட்டுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம்முக்கு நீலத்தில் சிவப்புக் கோடு. எர்த் கறுப்பு. கிரில்லுக்குப் பின்னால் இந்த வயர்கள் சேரும் இடத்தில், நுனியில் துப்பாக்கிக் குண்டு வடிவில் பித்தளை முனை இருக்கும். இரண்டு முனைகளும் ஒரு சிறு உலோகக் குழாய்க்குள் இரு பக்கமும் செருகி நிற்கும், மேலே ரப்பர் உறை. திருப்புளி இல்லாமல் கையால் இழுத்துக் கழற்றலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இருந்த இடம் முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீருக்கும் சேற்றுக்கும் நேராக. ரப்பர் நாலைந்து கோடையில் வெடித்துவிடும். உள்ளே கடற்காற்று போய்விடும்.

நம் ஊர்க் காற்றில் உப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் கம்பியும் கதவுக் கீலும் சொல்லும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரமும் சேர்ந்துகொண்டால் செம்பு, பித்தளை மேல் பச்சைக் களிம்பு ஏறும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். வெளியிலிருந்து வந்து ஒட்டியதுபோல் அல்ல, செம்போடு பிறந்ததுபோல் கிடக்கும் என்பார்கள். மின்சாரக் கணக்கில் இந்தக் களிம்பு என்ன செய்யும் என்று பாருங்கள். 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓட வேண்டும். அந்த வழியில் ஓர் இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை சேர்ந்தால் 1 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். பல்புக்கு வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்கக் கூடாது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். தொலைந்த மின்சாரம் அந்த இணைப்பில் சூடாக மாறும். பிளாஸ்டிக் கப்ளர் பழுத்து உருகுவது அதனால்தான்.

நான் எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. வண்டிச் செலவுப் பில்கள் என் மேசை வழியாகப் போகும. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஹெட்லைட் பல்பு வாங்கிய பில் வரும்; ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறைகூட வரும். தணிக்கையில் கேள்வி எழுந்தது. ஓட்டுநர் பல்பை வெளியில் விற்கிறாரோ என்ற சந்தேகம் கோப்பிலும் ஏறிவிட்டது. ஓய்வு பெற மூன்றாண்டு இருந்த மனிதர். ஒன்றும் பேசாமல், டிக்கியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். கழற்றிய பழைய பல்புகள் எல்லாம் அதில் இருந்தன. அப்போது வண்டி பார்க்க வந்திருந்த எலக்ட்ரீஷியன், நல்ல வயர் இரண்டை பேட்டரியிலிருந்து நேராக இழுத்து ஒவ்வொரு பல்பாகத் தொட்டுக் காட்டினார். ஒன்றைத் தவிர எல்லாம் பளிச்சென்று எரிந்தன.

"அண்ணே, பல்பு செத்தா மொத்தமா செத்துடும். மங்கலா எரியுதுன்னா அது உயிரோடதான் இருக்கு. சாப்பாடுதான் போய்ச் சேரல" என்றார் அவர்.

அப்படியானால் புதுப் பல்பு போட்டதும் ஏன் சரியானது? பல்பை மாற்றும்போது ஹோல்டரை இழுத்துச் செருகுகிறோம். அந்த உரசலில் கொஞ்சம் களிம்பு தேய்ந்து தொடர்பு கிடைக்கிறது. சில வாரம் நன்றாக எரிகிறது. புகழ் புதுப் பல்புக்குப் போகிறது. அடுத்த மழையில் மறுபடி மங்குகிறது. இரண்டு எர்த் முனைகளைத் துடைத்து மாற்றியபின், நான் அங்கிருந்தவரை பல்பு பில் அபூர்வமாகத்தான் வந்தது. கோப்பில் இருந்த சந்தேகமும் முடித்துவைக்கப்பட்டது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தாங்களே பார்க்கக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அந்தப் பக்கத்து ஹோல்டர், புல்லட் இணைப்பு, எர்த் இவற்றில் ஒன்று. இரண்டு பக்கமும் மங்கினால் இரண்டுக்கும் பொதுவான வழி: சுவிட்ச், டிம்-டிப் சுவிட்ச், ஃபியூஸ், பேட்டரி முனை. பழைய அம்பாசிடரில் டிம்-டிப் சுவிட்ச் காலால் அழுத்துவது. தரையில் மணலும் செருப்பு ஈரமும் சேரும் இடத்தில் இருக்கும்.

எர்த் போனால் தனி அடையாளம் உண்டு. டிம் போட்டால் ஒரு பக்கத்துப் பல்பில் டிம், பிரைட் இரண்டு இழைகளும் சேர்ந்து செந்நிறமாக மினுங்கும். டாஷ்போர்டில் பிரைட்டுக்கான அடையாள விளக்கும் லேசாகத் தெரியும். மின்சாரம் பாடிக்குத் திரும்ப வழியில்லாமல், பிரைட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், அடுத்த விளக்கு வழியே ஊர் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. பிரெஞ்சில் எர்த்துக்கு 'மாஸ்' என்று பெயர். வண்டியின் இரும்பு உடல் முழுவதும் என்ற பொருளில். அந்த உடலோடு விளக்கைச் சேர்ப்பது ஒரே ஒரு திருகுதான். அதன் அடியில் பெயிண்டோ துருவோ இருந்தால் போதும்.

மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. விளக்கு எரியாதபோது கழற்றிய வயரில் அளந்தால் களிம்பு பிடித்த வயரும் முழு 12 வோல்ட்டைக் காட்டும். விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை பல்புக்கு வரும் முனையில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ களிம்பு இருக்கிறது. பிறகு பேட்டரியின் மைனஸுக்கும் பல்பின் எர்த் முனைக்கும் நடுவே அதேபோல். அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். முனைகளை இழுத்து நயமான உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, எர்த் திருகின் அடியில் இரும்பு தெரியும்வரை சுரண்டி இறுக்க வேண்டும். வயரைச் சீவும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால் அந்த நீளத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் புகுந்ததுபோன்ற வண்டிகளில் உப்புநீர் உறைக்குள்ளேயே ஏறி நெடுந்தூரம் கறுக்கவைத்துவிடும். புது முனை அழுத்தி, மேலே கொஞ்சம் வாசலின் தடவி, உறை போட்டால் வேலை முடிந்தது. வாசலின் மின்சாரத்தைக் கடத்தாது. காற்றையும் ஈரத்தையும் தடுப்பதுதான் அதன் வேலை.

வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போடும் பழக்கம் ஒரு காலத்தில் பரவியது. பழைய ஐரோப்பிய பல்பு 45/40 வாட். அதற்கென இருந்த வயரிலும் சுவிட்சிலும் இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரத்தை ஓடவிட்டால் எரிவது இணைப்புதான். அதைவிட, 60/55 பல்போடு ஒரு ரிலே போடுவது நல்லது. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 30 பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, 87 விளக்குக்கு. 85, 86 இரண்டும் பழைய சுவிட்ச் வயருக்கும் எர்த்துக்கும். சுவிட்ச் இனிமேல் ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்யும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் நம் வயது. அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதோடு விளக்கிலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் நாகப்பட்டினம் சாலையில் விளக்கில்லாத மாட்டுவண்டியும், அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோலும் கிட்டே வந்தபிறகுதான் தெரியும். நம்மில் பலர் கண்ணைக் குறை சொல்லி இரவு ஓட்டுவதை விட்டுவிட்டோம். சிலர் வண்டியைக் குறை சொல்லி எடைக்குப் போட்டுவிட்டார்கள். கண் மருத்துவரிடம் கட்டாயம் போங்கள். அத்தோடு, ஐப்பசி பிறக்கும் முன் ஒரு நாள் அந்தி சாய்ந்ததும் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வட்டமும் ஒரே வெண்மையாக இல்லையென்றால் பல்புக் கடைக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 'எர்த்தையும் கப்ளரையும் முதலில் பாரப்பா' என்று சொல்லுங்கள்.