காஞ்சியும் விளரியும்

இசை உள்ளத்தை உருக்கும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அழுத குழந்தை தாலாட்டில் கண் வளர்கின்றது; நாற்று நடும் மகளிர் பாட்டில் முதுகின் நோவை மறக்கின்றனர்; இழவு வீட்டில் ஒப்பாரி எழுந்த பின்னரே அடைபட்ட கண்ணீர் ஆறாய்ப் பெருகுகின்றது. ஆனால், உள்ளத்தை உருக்கும் இசை உடலின் துன்பத்தையும் தணிக்க வல்லதா? இவ்வினாவுக்குப் பழந்தமிழர் கண்ட விடை யாது? அவ்விடையை இக்காலத்து மருத்துவ ஆராய்ச்சி ஏற்கின்றதா, தள்ளுகின்றதா? இவற்றை நேயர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகின்றேன்.

சங்க நூல்களைப் புரட்டுவோர் இசையின் ஆற்றலைப் பேசும் இடங்களைப் பல பக்கங்களில் காண்பர். தினைப்புனம் காக்கும் குறமகள் பரண்மீது இருந்து குறிஞ்சிப் பண்ணைப் பாடுகின்றாள். தினைக்கதிரை மேய வந்த களிறு கதிரையும் தின்னவில்லை. நின்ற இடத்தைவிட்டுப் பெயரவும் இல்லை. நின்றபடியே உறங்கிப் போகின்றது. இஃது அகநானூற்றின் 102-ஆம் பாட்டில் வரும் காட்சி. வழிப்போக்கரைத் துன்புறுத்தும் கள்வரும் பாலைப் பண்ணைக் கேட்ட அளவில் படைக்கலத்தை நழுவவிட்டு அருள் நெஞ்சினர் ஆயினர் என்கின்றது பொருநராற்றுப்படை. குத்துக்கோலுக்கு அடங்காத யானை யாழிசைக்கு அடங்கும் என்கின்றது கலித்தொகை. இவற்றையெல்லாம் புலவர் புனைந்துரை என்று ஒருவர் ஒதுக்கிவிட்டால், அவரோடு நான் வழக்காட மாட்டேன். யானை உறங்கியதோ இல்லையோ, பாட்டு இனியது, அது போதும்.

ஆனால், புனைந்துரை என்று ஒதுக்க இயலாத வேறு சில பாட்டுகள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது புறநானூற்றின் 281-ஆம் பாட்டு. பாடியவர் அரிசில் கிழார். மன்னனுக்கு வந்த இடரைத் தான் தாங்கிப் புண்பட்டு, ஒரு வீரன் வீட்டில் கிடக்கின்றான். அவன் மனைவி தன் தோழியை அழைத்து, இன்னின்ன செய்து அவன் புண்ணைக் காப்போம், வா என்கின்றாள். இரவ மரத்தின் தழையையும் வேம்பின் தழையையும் மனையில் செருகுவது; யாழோடு பல இசைக்கருவிகளும் ஒலிப்பது; மெல்லக் கையெடுத்து மையிழுது பூசுவது; வெண்சிறு கடுகைத் தூவுவது; ஆம்பற் குழலை ஊதுவது; மணியை அடிப்பது; காஞ்சிப் பண்ணைப் பாடுவது; மனையெங்கும் நறும்புகை எழுப்புவது: இவையே அவள் அடுக்கிச் சொல்லும் கடமைகள்.

இப்பட்டியலை நோக்குமின்! இதில் வியப்பு இல்லை, மிகையும் இல்லை. நோயாளி கிடக்கும் வீட்டில் ஒரு பெண் செய்யும் வேலைகளின் வரிசையே உள்ளது. இவ்வழக்கம் ஒரு புலவரின் கற்பனை அன்று என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. 296-ஆம் புறப்பாட்டில் வெள்ளை மாளர், ஊரில் எல்லா மனைகளிலும் வேப்பங்கிளை ஒடிக்கப்படுவதையும், காஞ்சி பாடப்படுவதையும், நெய் பூசிய கையினர் கடுகைப் புகைப்பதையும் சொல்கின்றார். மலைபடுகடாத்தில் நன்னனது மலையில் எழும் ஓசைகளைத் தொகுக்கும் புலவர், புலி பாய்ந்து கிழித்த கணவரின் மார்புப் புண் தணிய வேண்டிக் கொடிச்சியர் பாடும் பாட்டையும் அவ்வோசைகளுள் ஒன்றாக எண்ணுகின்றார். மூன்று புலவர், மூன்று இடங்கள், செயலோ ஒன்று. எனவே, புண்பட்டவன் அருகில் இருந்து பாடுவது அக்காலத்து வீடுகளின் வழக்கம் என்று கொள்வதில் தவறில்லை.

இவ்வழக்கத்தைப் பற்றி இரு வேறு கருத்துகளைக் கேட்கின்றோம். புண்பட்டவனைப் பேய் தீண்டும் என்று அஞ்சிச் செய்த மூடச் செயல் இது என்பர் சிலர். 281-ஆம் பாட்டுக்குப் பேய்க்காஞ்சி என்று துறை வகுத்திருப்பதை அவர்கள் காட்டுவர். உலகம் இன்று கண்டுபிடித்த இசை மருத்துவத்தை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் கண்டுவிட்டோம் என்று மார்தட்டுவர் வேறு சிலர். முன்னவர் பாட்டைக் குறைத்து மதிக்கின்றனர். பின்னவர் பாட்டில் இல்லாததை ஏற்றுகின்றனர். பாட்டே என்ன சொல்கின்றது என்று கேட்பதுதான் நேரிய வழி.

பாட்டில் வரும் சொற்கள் இரண்டு. ஒன்று, காத்தல், மற்றொன்று, தணித்தல். பாட்டால் புண் ஆறியது என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை. வேம்பை விட்டுவிட்டுப் பாடினாள் என்றோ, பூச்சை விட்டுவிட்டு யாழை மீட்டினாள் என்றோ சொல்லவில்லை. பூசுவதும் புகைப்பதும் ஒரு பக்கம் நடக்க, பாடுவதும் ஊதுவதும் மறுபக்கம் நடந்தன. தசையிலுள்ள புண்ணுக்குப் பூச்சு. புண்பட்டவனின் அச்சத்துக்கும் தனிமைக்கும், அருகில் விழித்திருப்பவளின் நடுக்கத்துக்கும் பாட்டு. பேய் என்று அவர்கள் பெயரிட்டது எதுவாயினும், நள்ளிரவில் நோயாளியின் கட்டிலைச் சூழும் அச்சம் மெய்யான ஒன்று. நோயாளி அருகில் ஓர் இரவு விழித்திருந்தவர் எவரும் அதனை அறிவர்.

தமிழர் இசையின் எல்லையை அறிந்திருந்தனர் என்பதற்கு இன்னொரு சான்று காட்டுவேன். புறநானூற்றின் 291-ஆம் பாட்டு நெடுங்களத்துப் பரணர் பாடியது. அங்கு வீரன் களத்தில் வீழ்ந்து கிடக்கின்றான். அவன் மனைவி துடியரையும் பாண் மக்களையும் விளித்து, பறவைகள் அணுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கின்றாள். தானும் விளரிப் பண்ணைப் பாடி நரிகளை ஓட்டுவதாகச் சொல்கின்றாள். விளரி நெய்தலுக்கு உரிய இரங்கற்பண். இங்கே அவள் காஞ்சி பாடவில்லை. காக்க வேண்டிய உயிர் இருந்தபோது ஒரு பண். உயிர் போன பின் இரங்குவதற்கு வேறொரு பண். எந்தப் புண் தணியும், எந்தத் துயர் அழுதே தீரவேண்டியது என்று பிரித்தறிந்த மக்களின் வழக்கம் இது. இசை எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று அவர்கள் மயங்கியிருந்தால், இரண்டு பண்கள் வேண்டியதில்லை அன்றோ?

இப்பாட்டுகள் ஏட்டிலேயே உறங்கியிருக்கலாம். பத்துப்பாட்டை 1889-லும் புறநானூற்றை 1894-லும் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு உலகுக்கு அளித்தார். அதன்பின் பழந்தமிழ் இசையை ஆராய்ந்தவர்களுள் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் முன்னிற்பவர். அவர் மருத்துவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. மூலிகை மருந்து செய்த கையே 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்தது. 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலையும் வெளியிட்டது. விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947-இல் வெளிவந்தது. இப்பெரியோர்களின் உழைப்பால்தான் காஞ்சி, விளரி என்னும் பெயர்கள் நம் செவிக்கு வெறும் ஒலியாகாமல் பொருளுள்ள சொற்களாயின.

இனி, இக்காலத்து ஆராய்ச்சிக்கு வருவோம். இங்கும் வழி திறந்தவர்கள் புண்பட்ட வீரர்களே. இரண்டாம் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பியவர்களால் அமெரிக்க மருத்துவமனைகள் நிறைந்தன. அவர்களுக்கு இசைவாணர் சென்று வாசித்தனர். பயனைக் கண்ட மருத்துவர், இதற்கெனப் பயிற்சி பெற்றோர் வேண்டும் என்றனர். 1944-இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இசை மருத்துவத்துக்குப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1950-இல் அந்நாட்டில் இத்துறையினருக்கு ஒரு தேசியச் சங்கம் அமைந்தது.

2015-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்போ, நடுவிலோ, பின்போ இசை கேட்ட நோயாளிகளைப் பற்றிய 73 சோதனைகளை அது ஒன்றுசேர்த்து எடைபோட்டது. இசை கேட்டவர்களுக்கு வலியும் கலக்கமும் குறைந்தன. வலி தணிக்கும் மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. மயக்கத்தில் இருந்தோர்க்கும் பயன் தென்பட்டது. ஆயினும், மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை. இம்முடிவைப் படித்தபோது நான் அரிசில் கிழாரை நினைத்தேன். புண் ஆறும் காலத்தை இசை சுருக்கவில்லை. அக்காலத்தின் துன்பத்தைச் சுருக்கிற்று. தணித்தல் என்ற பழஞ்சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமோ?

இது நிகழ்வது எங்ஙனம்? அச்சம் மிகுந்தால் வலியும் மிகும். மெல்ல நடக்கும் பாட்டைக் கேட்கும்போது மூச்சு நிதானம் அடைகின்றது. நாடித் துடிப்பும் தணிகின்றது. வலியையே நோக்கியிருந்த கவனம் பாட்டின் பக்கம் திரும்புகின்றது. மேலும், நமக்குப் பிடித்த பாட்டில் அடுத்து வரும் சுவரத்தை மனம் எதிர்நோக்கி நிற்கின்றது. அவ்வெதிர்பார்ப்பின்போதும், அது நிறைவேறி மெய் சிலிர்க்கும்போதும், மூளையில் டோபமைன் என்னும் பொருள் சுரப்பதை 2011-இல் மான்றியல் நகர ஆய்வாளர் கண்டு கூறினர். பசித்தவன் உணவைக் கண்டு மகிழும்போது தொழிற்படும் மூளைப் பகுதியே இங்கும் தொழிற்படுகின்றது. ஆகவே, நோயாளிக்கு ஏற்ற பாட்டு அறிஞர் தேர்ந்த பாட்டு அன்று. அவர் முன்பே நேசித்த பாட்டு.

என் தாயார் தம் இறுதி ஆண்டுகளில் மக்களின் பெயரையும் மறந்தார். உணவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் என் தமக்கையார், நாங்கள் கேட்டு வளர்ந்த தாலாட்டை அவர் அருகில் அமர்ந்து பாடினார். இரண்டாம் அடியில் தாயாரும் சேர்ந்துகொண்டார். சொல் பிசகாமல் பாடினார். அன்று மாலை உணவும் உண்டார். மறுநாள் காலையில் எங்களை அவர் அறியவில்லை. நோய் மாறவில்லை, ஒரு மாலைப்பொழுது மாறிற்று. அந்த மாலையின் மதிப்பை நான் எவரிடமும் கேட்டு அறியவேண்டியதில்லை.

இன்ன இராகம் இன்ன நோயைப் போக்கும் என்று அட்டவணை எழுதுவோர் இக்காலத்தில் பலர். அவர்கள் சொல்லை நம்பி மருந்தைக் கைவிடுவது பேதைமை. புறநானூற்றுப் பெண் வேம்பைக் கைவிடவில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது. அதுபோலவே, மருந்து இருக்கின்றது, பாட்டு எதற்கு என்பதும் குறையறிவே. இன்றைய மருத்துவமனையில் அவள் கண்டறியாத மருந்துகள் உள்ளன. ஆனால், நோயாளி கேட்பது கருவிகளின் ஓசையையும் அயலார் காலடியையுமே. அவருக்குப் பழகிய குரல் ஒன்று அங்கே ஒலிக்குமாயின் அதற்குச் செலவு இல்லை. குரல் இனிதாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை.

இறுதியாக ஒன்று. அரிசில் கிழார் காட்டும் பெண் தனித்துப் பாடவில்லை. தோழியை அழைத்து, காப்போம் வா என்கின்றாள். நோயைத் தணித்தது காஞ்சிப் பண்ணின் இனிமை மட்டும் அன்று. தனக்காக இருவர் விழித்திருந்து பாடுகின்றனர் என்று அவ்வீரன் அறிந்த அறிவும் அதனோடு சேர்ந்தே தணித்தது என்பது என் துணிபு.