கறுப்பு உடையில், விடியற்காலையில்

இங்கிலாந்தின் மேடும் சரிவுமான கிராமச் சாலைகள்ல சைக்கிள் பந்தயம் ஒருகாலத்தில் திருட்டுத்தனமாகத்தான் நடந்தது, தெரியுமா?

குதிரைவண்டிகளோடு தகராறு, போலீஸ் கெடுபிடி. சாலையில் சைக்கிளுக்கே இடமில்லாமல் போய்விடுமோ என்று பயந்த தேசிய சைக்கிள் சங்கம், 1890களில் சாலைப் பந்தயத்தைத் தடைசெய்தது. ஓட்டுகிறவர்கள் விடுவார்களா? 1895-ல் ஃபிரெடரிக் பிட்லேக் ஒரு வழி காட்டினார்: ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டி. விடியற்காலை, கறுப்பு உடை. பின்னாளில் பந்தயத் தடத்துக்கும் ஊர்ப்பெயர் இல்லை, சங்கேத எண்தான். பார்க்கிறவர்களுக்கு யாரோ தனியா ஊருக்குப் போற மாதிரி இருக்கும்.

1942 ஜூன் 7 அன்று பெர்சி ஸ்டாலர்ட், வேல்ஸின் லாங்கோலனிலிருந்து இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் வரை 59 மைல், எல்லாரையும் ஒன்றாகவே ஓட்டவைத்தார். போலீஸ் ஒத்துழைத்தது. அவரை விலக்கிவைத்தது சங்கம்தான்! பயத்தில் போட்ட விதிக்குக் காவல் நின்றவர்கள், கடைசியில், சைக்கிள்காரர்களே.