பாலேப் பித்தர்கள்: ஒரு ரசிக மரபின் வரலாறு

மேலை நாட்டுச் செவ்வியல் நடனமாகிய பாலே, இத்தாலிய அரண்மனை விழாக்களில் பிறந்து, பதினான்காம் லூயி மன்னர் 1661இல் பாரிசில் நிறுவிய நடனக் கழகத்தில் இலக்கணம் பெற்று, ரஷ்யப் பேரரசின் கருவூலத்தை நம்பி முழு வளர்ச்சி கண்ட கலையாகும். அதை வளர்த்த மன்னர்களையும் ஆசிரியர்களையும் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. ஆனால் திரைப்படக் கருவி வருவதற்கு முன் ஆடி மறைந்த நடனமணிகள் எவ்வாறு ஆடினார்கள், ஒருத்தியின் தாவல் மற்றொருத்தியின் தாவலிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது, எந்த இடத்தில் அவையோர் மூச்சடங்கி இருந்தனர் என்பவற்றையெல்லாம் இன்று அறிய வேண்டுமாயின், பருவந்தோறும் அரங்குக்குச் சென்று ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பக் கண்டு எழுதி வைத்த ரசிகர்களின் பதிவுகளையே பெரிதும் நாட வேண்டியுள்ளது. பாலேக்காகவே வாழ்ந்ததால் பித்தர் என்று அழைக்கப்பட்ட இவர்களின் வரலாற்றை விடுத்து அக்கலையின் வரலாற்றை எழுத முடியாது.

இந்த ரசிக மரபு முதலில் உருக்கொண்ட நகரம் பாரிஸ். 1832ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பாரிஸ் ஓபரா அரங்கில் ‘லா சில்ஃபீத்’ என்னும் பாலே மேடையேறியது. காற்றில் வாழும் அணங்கு ஒருத்தி மானிட இளைஞன்மேல் காதல் கொண்டு மடியும் அக்கதையை ஃபிலிப்போ தாலியோனி தம் மகள் மரீ தாலியோனிக்காகவே அமைத்திருந்தார். கால்விரல்களின் நுனியில் உடலை நிறுத்தி ஆடும் முறை அதற்கு முன்பே வித்தைபோலக் காட்டப்பட்டு வந்ததுண்டு. அதை ஒரு பாத்திரத்தின் இயல்பாக, மண்ணில் பாரம் ஊன்றாத உயிரின் நடையாக மாற்றிய பெருமை மரீயைச் சேரும். அன்று தொடங்கிய ஈர்ப்பு சில ஆண்டுகளில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்கும் பரவியது.

அந்த ஈர்ப்பைப் பணமாக்கத் தெரிந்தவர் 1831இல் ஓபராவின் பொறுப்பை ஏற்ற லூயி வெரோன். பருவம் முழுவதற்கும் முன்பணம் கட்டி இருக்கை பெற்ற செல்வர்கள், மேடைக்குப் பின்புறம் நடனப் பெண்கள் உடலைப் பழக்கும் கூடத்துக்குள் வந்துபோக அவர் வழி திறந்துவிட்டார். பிற்காலத்தில் ஓவியர் எட்கார் தெகா தீட்டிய நடன ஓவியங்களில் திரையோரத்தில் கறுப்பு அங்கியும் உயர்ந்த தொப்பியுமாக நிற்கும் ஆடவர்கள் இத்தகையோரே. அப்பெண்களுள் பெரும்பாலோர் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதையும், செல்வரின் ஆதரவு பல வேளைகளில் அவர்களின் உடலையே விலையாகக் கேட்டது என்பதையும் மறைத்து இந்த ரசனையைப் போற்றுவது நேர்மையாகாது. இதே வகுப்பினர்தாம் 1861இல் வாக்னரின் ‘தான்ஹாய்சர்’ ஓபராவைக் குலைத்தவர்களும் ஆவர்; இரவுணவை முடித்துத் தாமதமாக வரும் தங்களுக்கு வசதியாக இரண்டாம் அங்கத்தில் வரவேண்டிய நடனம் முதல் அங்கத்திலேயே வைக்கப்பட்டதால் சினந்து, சீழ்க்கையடித்துக் கூச்சலிட்டு, மூன்று காட்சிகளோடு அந்தப் படைப்பு நிறுத்தப்படும்படி செய்தனர். போதாக்குறைக்கு, கூலிக்குக் கைதட்டும் குழு ஒன்றும் அரங்கில் அமர்த்தப்பட்டிருந்தது. அதன் தலைவர் அகுஸ்த் லெவாசர் ஒத்திகைகளைப் பார்த்து, எங்கே எவ்வளவு தட்டுவது என்று நிர்வாகத்தோடு முன்கூட்டியே திட்டமிட்டு வந்தவர்.

இத்தகைய சூழலிலிருந்துதான் தியோஃபில் கோத்தியே போன்ற ஓர் உண்மையான ரசிகரும் தோன்றினார் என்பது வியப்புக்குரியது. கவிஞராகிய அவர் 1836இல் ‘லா பிரெஸ்’ நாளிதழில் எழுதத் தொடங்கியது முதல் நடனத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதினார். தாலியோனியையும் வியன்னாவிலிருந்து வந்த ஃபான்னி எல்ஸ்லரையும் எதிரெதிரே நிறுத்தி, முன்னவரைக் கிறித்தவ நடனமணி என்றும் பின்னவரைப் பழஞ்சமயத்தாரின் நடனமணி என்றும் அவர் பகுத்த பகுப்பு இன்றளவும் வழங்குகிறது. ஒருவரிடம் உடலை மறக்கச் செய்யும் மென்மையும், மற்றவரிடம் உடலின் களிப்பையே கலையாக்கும் வலிமையும் இருந்தன என்பது அதன் கருத்து. 1836இல் எல்ஸ்லர் கைத்தாளக் கட்டைகளை ஒலித்தபடி ஆடிய ‘கச்சூச்சா’ என்னும் ஸ்பானிய நடனம் அக்களிப்பின் உச்சமாகக் கொண்டாடப்பட்டது. பின்னர் கார்லோத்தா கிரிசியின் ஆடலில் மனம் பறிகொடுத்த கோத்தியே, ஹைன்ரிஷ் ஹைனே எழுதிய ஒரு குறிப்பிலிருந்து, மணமாகும் முன்னே இறந்து இரவில் ஆடித் திரியும் பெண் ஆவிகளின் கதையை எடுத்து, நாடக ஆசிரியர் சேன்-ஜோர்ஜுடன் சேர்ந்து ‘ஜிசேல்’ பாலேயின் கதையை அமைத்தார். 1841ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் கிரிசி அதில் ஆடினார். அது இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது. ரசிகர் ஒருவரின் பற்று நிலையான படைப்பாக மாறியதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது.

தமிழகத்தை இவ்வரலாறு நேரடியாகத் தொடுகின்ற இடமும் கோத்தியேயின் எழுத்திலேயே உள்ளது. 1838இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் கோயிலைச் சேர்ந்த ஐந்து ஆடல் மகளிரும் அவர்களுடன் மூன்று இசைக்கலைஞர்களும், தர்திவெல் என்னும் பிரெஞ்சுக்காரரின் ஒப்பந்தத்தின்பேரில் பாரிஸ் சென்று, அரசவையிலும் வரியேத்தே அரங்கிலும் ஆடினர். தேவரடியாரைப் பற்றிக் கேள்விப்பட்ட கதைகளைக் கொண்டே ‘தெய்வமும் தேவதாசியும்’ என்னும் பொருளில் 1830இலேயே ஓர் ஓபராவைப் படைத்து அதில் தாலியோனியை ஆடவைத்திருந்த நகரத்தில், உண்மையான தேவரடியார் வந்து நின்றனர். அவர்களைத் தங்கியிருந்த இடத்துக்கே சென்று பார்த்த கோத்தியே, அம்மணி என்ற இளம் நடனமணியின் அணிகலன்களையும் கண்ணசைவையும் கைகளின் போக்கையும் மிக விரிவாக எழுதினார். சிற்பி ழான்-அகுஸ்த் பார் அவளை வெண்கலத்தில் வடித்தார். பாடலின் சொல்லுக்குக் கையும் கண்ணும் பொருள் கூறும் அபிநயம் கோத்தியேக்கு விளங்கியிருக்க வழியில்லை. ஆகவே அவருடைய பதிவில் அழகு நிரம்பியிருக்க, பொருள் விடுபட்டுப் போயிற்று. இருப்பினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆடிய தமிழ்நாட்டு நடனமணி ஒருத்தியைப் பெயரோடும் உருவத்தோடும் இவ்வளவு நெருங்கிக் காட்டும் குறிப்புகள் மிகச் சிலவே என்பதால், குறைகளோடும் கூடிய அந்தப் பதிவுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் பித்தர் என்ற பெயர் முழுப் பொருளோடு பொருந்தியது அன்றைய ரஷ்யத் தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கில்தான். 1837இல் தாலியோனி அங்கு வந்து ஆடத் தொடங்கியபோது நகரம் அவர் வசமாயிற்று. 1842இல் அவர் விடைபெற்றபின் அவருடைய நடனக் காலணிகளை விலைக்கு வாங்கிய ரசிகர்கள் அவற்றைச் சமைத்து, குழம்பு ஊற்றி விருந்தில் உண்டனர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதன் உண்மை எதுவாயினும், அத்தகைய கதையை நம்பத்தக்கதாக்கும் அளவுக்கு அங்கு வெறி நிலவியது. மாஸ்கோவின் செல்ல நடனமணி எக்கத்தெரீனா சங்கோவ்ஸ்கயாவின் பற்றாளர்கள், 1848இல் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்து ஆடிய எலேனா அந்திரேயனோவாவின்மீது செத்த பூனையை வீசினர். 1860களில் மர்ஃபா முராவ்யோவாவுக்கு ஒரு கட்சியும் மரீயா பெத்திபாவுக்கு ஒரு கட்சியுமாக நகரம் பிரிந்து நின்றது.

இவ்வளவு ஆழமான பற்று அங்கே வேரூன்றியதற்குக் காரணம் அமைப்பில் உள்ளது. ரஷ்ய அரங்குகள் அரசவை அமைச்சகத்தின் கீழ் அரசு மானியத்தில் நடந்தன. சிறுமியர் அரசுப் பள்ளியில் தங்கிப் பயின்று, தேறியபின் அரசு ஊழியராகச் சேர்ந்து, இருபது ஆண்டுப் பணிக்குப்பின் ஓய்வூதியம் பெற்றனர். பள்ளியின் தேர்வு ஆட்டத்திலேயே ஒருத்தியைக் கண்டு குறித்துவைத்து, அவள் கூட்டத்தில் ஒருத்தியாக ஆடும் நாள் முதல் தலைமை நடனமணியாகி விடைபெறும் நாள்வரை இரண்டு தலைமுறை நடனமணிகளை ஒரே ரசிகர் பார்த்துவர அம்முறை இடங்கொடுத்தது. 1886 முதல் பாலேயின் இல்லமான மரீன்ஸ்கி அரங்கில் புதனும் ஞாயிறும் நடன நாள்கள். முன்வரிசை இருக்கைகள் உரிமைச் சொத்துபோலத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. அங்கே உயரதிகாரிகளும் படைத் தளபதிகளும் வங்கியாளர்களும் அமர்ந்தனர். கூரையை ஒட்டிய மேல்மாடத்தில் மாணவர்களும் எழுத்தர்களும் நெருக்கியடித்து நின்றனர். நடனமணி தமாரா கர்சாவினா தம் நினைவுநூலில் இரு சாராரையும் அன்போடு நினைவுகூர்கிறார்.

முன்வரிசைக்காரர்களில் சிலர் எழுதினர். வரலாற்றுக்கு எஞ்சியது அந்த எழுத்தே. கான்ஸ்தந்தின் ஸ்கல்கோவ்ஸ்கி சுரங்கப் பொறியாளர். சுரங்கத் துறையின் தலைவராகவும் இருந்தவர். 1882இலேயே பாலேயின் வரலாற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கவிஞர் ஒருவரின் மகனான அலெக்சாந்தர் பிளெஷேயெவ் 1896இல் வெளியிட்ட ‘நமது பாலே’ என்னும் நூலில் யார், எப்போது, எந்தப் பாத்திரத்தில் ஆடினார் என்பவற்றைத் தொகுத்தார். நாளிதழ் ஆசிரியர் செர்கேய் குதெகோவ் ஒருபடி மேலே சென்று, நடன அமைப்பாளர் மரியுஸ் பெத்திபாவின் ‘லா பயதேர்’ பாலேக்குக் கதை அமைப்பதில் பங்கு கொண்டார். இந்தியக் கோயில் ஆடல்மகள் ஒருத்தியின் காதலையும் சாவையும் சொல்லும் அப்படைப்பு 1877இல் மேடையேறியது. மரியுஸின் அண்ணன் லூசியென், கோத்தியே எழுதிய ‘சகுந்தலா’ பாலேயை 1858இலேயே பாரிசில் அமைத்தவர் என்பதை நினைக்கையில், பாரிஸ் ரசிகரின் இந்தியக் கனவு பீட்டர்ஸ்பர்க் ரசிகரின் கைக்கு வந்து சேர்ந்த வழி புலப்படும்.

பற்று எப்போதும் தெளிந்த பார்வையைத் தந்துவிடவில்லை. 1885இல் கோடைக்காலப் பூங்கா அரங்கு ஒன்றில் ஆட வந்த இத்தாலிய நடனமணி விர்ஜீனியா சுக்கியின் நடிப்பாற்றலைக் கண்டு ரசிகர்கள் எழுப்பிய ஆரவாரமே அவரை அரசு மேடைக்குக் கொண்டுசென்றது. அங்கே ரசிகர் சொன்னது சரியாயிற்று. ஆனால் 1890இல் சைக்கோவ்ஸ்கியின் இசையில் ‘உறங்கும் அழகி’ அரங்கேறியபோது, இசை ஆடுவதற்கு ஏற்றதன்று, கதை சிறுவர்க்கானது என்று முன்வரிசையினர் பலர் முகம் சுளித்தனர். அதே ஆட்டத்தை மீண்டும் மீண்டும் கண்டு மயங்கியவர் இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த அலெக்சாந்தர் பெனுவா என்ற இளைஞர். சுக்கியால் பாலேக்குள் இழுக்கப்பட்ட அவர், நண்பர் தியாகிலெவுடன் சேர்ந்து 1909இல் பாரிசைக் குலுக்கிய ரஷ்யக் குழுவுக்கு அடித்தளம் இட்டார். 1895இல் ‘அன்னப் பொய்கை’யில் இத்தாலிய நடனமணி பியெரினா லென்யானி முப்பத்திரண்டு ‘ஃபுவெத்தே’ சுழற்சிகளை ஆடியபோதும் கருத்து பிளவுபட்டது. ஒரு காலின் விரல்நுனியில் எழுந்து, மறுகாலை வீசும் விசையில் இடம் பெயராமல் சுழல்வதே ஃபுவெத்தே ஆகும். அதைக் கலை என்பதா, கழைக்கூத்து என்பதா என்ற வாதம் நீண்டது. ரஷ்ய நடனமணி மத்தில்தா க்ஷெசின்ஸ்கயா அதைப் பயின்று ஆடிக் காட்டியதும் வாதம் நாட்டுப்பற்றின் வெற்றி முழக்கத்தில் அமிழ்ந்துபோயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் ரசிகரின் பங்கு எழுத்தைத் தாண்டி நிறுவனமாகவும் வடிவெடுத்தது. 1934இல் தம் பித்தையே தலைப்பாக்கி நூல் எழுதிய ஆர்னல்ட் ஹாஸ்கெல், அதற்கு முன்பே 1930இல் இங்கிலாந்துக்கென ஒரு பாலே மரபை உருவாக்கும் நோக்கத்தோடு லண்டனில் கமார்கோ சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அமெரிக்காவில் லிங்கன் கிர்ஸ்டைன் என்ற செல்வந்த ரசிகர் 1933இல் ஜார்ஜ் பாலன்சினை அழைத்துவந்ததன் பயனாகவே நியூயார்க் நகரின் பாலே பிறந்தது. அன்னா பாவ்லோவாவின் ஆடலில் உள்ளம் உருகிய சென்னைப் பெண்மணி ருக்மிணி தேவி, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்தியிடம் சிறிது காலம் பாலே பயின்றார். சொந்த நாட்டு நடனத்தை நாடும்படி பாவ்லோவா தந்த ஊக்கம், 1936இல் எழுந்த கலாக்ஷேத்திரத்துக்குப் பின்னுள்ள தூண்டுதல்களில் ஒன்று.

ரசிகரின் எழுத்தையன்றி வேறொரு வகைப் பதிவும் எஞ்சியுள்ளது. நடன அசைவுகளைக் குறியீடுகளால் எழுதும் முறையை விளாதிமிர் ஸ்தெப்பானவ் 1892இல் வெளியிட்டதும், மரீன்ஸ்கி ஆட்டங்கள் பல அவ்வாறு எழுதிவைக்கப்பட்டன. ரஷ்யப் புரட்சிக்குப்பின் அவ்வரங்கின் நெறியாளர் நிக்கொலாய் செர்கேயெவ் வெளிநாட்டுக்குக் கொண்டுசென்ற அந்தத் தாள்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளன. கால் எங்கே வைக்கப்பட்டது, கூட்டம் எவ்வாறு வரிசை மாறியது என்று அவை சொல்கின்றன; கையின் குழைவு, தலையின் சாய்வு, தயங்கி எழும் தாவலின் சுவை ஆகியவற்றைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அத்தாள்களின் துணையால் செர்கேய் விக்காரெவ் 1999இல் ‘உறங்கும் அழகி’யையும் அடுத்த சில ஆண்டுகளில் ‘லா பயதேர்’ படைப்பையும் பழைய வடிவில் மீட்டு மரீன்ஸ்கியில் மேடையேற்றியபோது ரசிகர்கள் இரண்டு அணியாயினர். பெத்திபாவே திரும்பி வந்ததாக ஓர் அணி மகிழ, சோவியத் காலத்து வடிவங்களைப் பார்த்தே வளர்ந்த மற்ற அணி, தாங்கள் அறிந்த பாலே அதுவன்று என்று மறுத்தது. இரண்டாம் அணியினரின் நினைவும் ஒரு சான்றே. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மேடையில் இடையறாது ஆடப்பட்டுப் பண்பட்ட வடிவத்தைத் தாளில் உள்ள குறியீடு மட்டும் தள்ளிவிட முடியாது. ‘லா பயதேர்’ அவ்வரங்கில் பின்னர்த் திரும்பி நிலைபெற்றது, 1941இல் பொனொமர்யோவும் சபூக்கியானியும் திருத்தியமைத்த வடிவிலேயே ஆகும்.