தீர்ப்பு இல்லாத குற்றவாளிகள்

உசிலம்பட்டிப் பக்கம் குடும்ப வரலாறு எழுத நினைக்கும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். வெளியூரில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். பொங்கலுக்கோ மாசிப் பச்சைக்கோ ஊருக்கு வரும்போது என் வீட்டுத் திண்ணைக்கும் வருகிறார்கள். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன் என்பதால் என்னிடம் கேட்டால் தெரியும் என்று யாரோ சொல்லி அனுப்புகிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அய்யா, எங்க பூட்டன் மேல கேஸு இருந்துச்சாம். என்ன கேஸு? அந்தக் காகிதம் எங்க கெடைக்கும்?"

நான் முதலில் சொல்வது இது: போலீஸ் பதிவேடு வேறு, கோர்ட் தீர்ப்பு வேறு. ஒருவன் மேல் சந்தேகம் வந்தால் போலீஸ் எழுதும். அவன் செய்தானா இல்லையா என்பதைக் கோர்ட் எழுதும். முதல் காகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தேடிப் போக வேண்டும், அதுதான் முறை. எங்கள் பக்கத்தில் ஒரு முப்பது வருட காலம் பலருக்கு முதல் காகிதம் மட்டுமே இருந்தது. இரண்டாவது எழுதப்படவே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் பழைய காகிதத்தைத் தொடுகிறவர்கள், தங்கள் முன்னோரை அவர்களே இன்னொரு முறை குற்றவாளி ஆக்கிவிடுவார்கள்.

உண்மையான வழக்கு ஒன்று நடந்திருந்தால் அதைத் தேடுவதற்கு வழி இருக்கிறது. எல்லாம் எண்ணில்தான். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டதும் ஒரு கிரைம் நம்பர். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனால் அங்கே காலண்டர் எண். கொலை, கொள்ளை போன்ற பெரிய குற்றமாக இருந்தால் மாஜிஸ்திரேட் அதை செஷன்ஸுக்கு அனுப்புவார். அதற்கு ஒரு பி.ஆர்.சி. எண், செஷன்ஸில் இன்னொரு எண். அப்பீல் போனால் உயர் நீதிமன்றத்தில் மற்றொன்று. ஒரே வழக்குக்கு இத்தனை பெயர். ஒவ்வொரு அலுவலகமும் தன் எண்ணைத்தான் அறியும். ஆனால் மேல் கோர்ட் தீர்ப்பின் முதல் பக்கத்தில் கீழ்க் கோர்ட்டின் எண் இருக்கும். ஆகவே மேலிருந்து கீழே இறங்குவதுதான் எளிது.

செஷன்ஸ் நீதிபதி தூக்கு விதித்தால், கைதி அப்பீல் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த வழக்கு உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலுக்குப் போயே தீர வேண்டும். 'ரெஃபர்டு டிரையல்' என்று தனி வரிசையில் அதைப் பதிவார்கள். ஆக, ஊரில் "அவரைத் தூக்குல போட்டாங்க" என்று ஒரு பேச்சு இருந்து, ஆண்டும் ஏறக்குறையத் தெரிந்தால், தேட வேண்டிய இடம் உள்ளூர் கோர்ட் இல்லை, உயர் நீதிமன்றம். சட்டப் பிரச்சினை கொண்ட வழக்காக இருந்தால் அச்சிலேயே கிடைக்கும். இந்தியன் லா ரிப்போர்ட்ஸின் மதராஸ் வரிசை 1876 முதல் வருகிறது, மதராஸ் லா ஜர்னல் 1891 முதல். பழைய வக்கீல் வீடுகளில் தோல் அட்டை போட்டு அடுக்கியிருப்பார்களே, அவைதான்.

வழக்கில் சம்பந்தப்படாத ஆள் நகல் கேட்டால், எதற்காகக் கேட்கிறோம் என்று மனுவில் சொல்லி நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். அதன்பிறகு ரெக்கார்டு ரூம். அங்கே ஆண்டுவாரியாகத் துணியில் சுற்றிய கட்டுகள். கட்டு இருக்குமா என்பதுதான் கேள்வி. 1917இல் வந்த ஆவண அழிப்புச் சட்டப்படி, கெடு முடிந்த காகிதங்களைக் கோர்ட்டே அழிக்கலாம். பெரிய வழக்கின் தீர்ப்பு நெடுநாள் இருக்கும். சாட்சி வாக்குமூலம், மகஜர் எல்லாம் அதற்கு முன்பே போய்விடும். சின்ன வழக்கென்றால் கட்டு முழுவதுமே சீக்கிரம் போய்விடும். எங்கள் ஊர்க் கதை இந்தச் சின்ன வழக்குகளில்தான் இருந்தது.

அதற்குக் காரணமான குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்காரன் 1871இல் வட இந்தியாவுக்காகக் கொண்டுவந்தான். 1911இல் அதைத் திருத்தி எழுதியபோது சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு கூட்டத்தார் முழுவதையும் குற்றம் செய்வதே தொழிலாகக் கொண்டவர்கள் என்று அரசாங்கம் கெஜட்டில் அறிவித்தால் போதும். மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிக் கள்ளர்களை 1914இல் அப்படி அறிவித்தார்கள். பிறகு ஊர் ஊராகச் சேர்த்து, 1918இல் எங்கள் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் அனைவரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்த அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்பது சட்டத்திலேயே எழுதியிருந்தது. கோர்ட்டிலேயே வாழ்ந்தவன் நான். அந்த ஒரு பிரிவைப் படிக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. குற்றவாளி என்று சொல்லும் வேலையைக் கோர்ட்டிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதைப் பற்றிப் பேசவும் கூடாது என்று கோர்ட்டின் வாயைக் கட்டினார்கள்.

பிறகு ரேகை. வயது வந்த ஆண்கள் பதிவுக்கு வந்து பத்து விரலையும் மையில் அழுத்திக் காகிதத்தில் உருட்ட வேண்டும். எங்கள் ஊரில் இதற்கு ரேகைச் சட்டம் என்றுதான் பெயர். குற்றப் பரம்பரை என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில்தான் முதலில் கேட்டேன். பத்தாம் பிரிவின் கீழ் வந்தவர்கள் குறித்த நேரத்தில் வந்து ஆஜர் கொடுக்க வேண்டும். இருப்பிடம் மாறினால் சொல்ல வேண்டும். இரவானால் சாவடியிலோ ஸ்டேஷனிலோ போய்ப் படுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டது. புது மாப்பிள்ளையும் போனான், காய்ச்சல்காரனும் போனான். வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். என் தாத்தாவும் ரேகை வைத்தவர்தான்.

ஒரு நாள் ஆஜர் தவறினால் அது குற்றம், வழக்கு. எங்கள் பக்கத்து ஆண்கள் மேல் இருந்த 'கேஸ்' என்பதில் மிகப் பெரும் பங்கு இதுவாகத்தான் இருக்கும். திருடியதற்கில்லை, வராமல் போனதற்கு. இவற்றை விசாரித்த கீழ் மாஜிஸ்திரேட்டுகள் அந்தக் காலத்தில் ரெவின்யூ அதிகாரிகள், கலெக்டருக்கு அடங்கியவர்கள். ரேகைப் பதிவை உத்தரவிடும் ஜில்லா மாஜிஸ்திரேட்டும் அதே கலெக்டர்தான். பதிவு செய்த கையே தண்டிக்கவும் செய்தது. அதனால்தான் பிள்ளைகளிடம் சொல்கிறேன், அந்தக் காலத்துச் சின்ன வழக்குகளின் தடத்தைக் கோர்ட்டில் மட்டும் தேடாதீர்கள், கலெக்டர் அலுவலகக் காகிதங்களிலும் ஆவணக் காப்பகத்திலும் தேடுங்கள் என்று.

இருபத்து மூன்றாம் பிரிவு இதைவிடக் கொடியது. இந்தச் சட்டத்தின் கீழ் வந்தவன் முன்பு தண்டனை பெற்றிருந்து, சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றம் ஒன்றில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழு வருடத்துக்குக் குறையாமல் சிறை. மூன்றாம் முறை என்றால் ஆயுளுக்கும் தீவாந்தரம். அதே குற்றத்தைப் பக்கத்து ஊர்க்காரன் செய்தால் அவனுக்கு இந்தக் கணக்கு இல்லை. பழைய சிறைப் பதிவேட்டில் உங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு நீண்ட தண்டனை இருப்பதைப் பார்த்தால், பெரும் குற்றம் செய்திருப்பார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

திருட்டே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாடு பிடித்துப் போனார்கள். துப்புக்கூலி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் எழுதிய மதுரை கெஜட்டியரில் அது விவரமாக இருக்கிறது. ஆனால் அதே புத்தகம் காவல் முறையையும் சொல்கிறது. ஊரைக் காப்பதற்குக் கள்ளருக்கு ஊரார் கூலி கொடுத்தார்கள். களவு போனால் மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். தனக்கென்று போலீஸ் வைத்துக்கொண்ட அரசாங்கத்துக்கு இந்த ஏற்பாடு பொறுக்கவில்லை. ஊராரிலும் பலர் அதன் கொடுமையைப் பொறுக்கவில்லை: 1896இல் திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோன் தலைமையில் பண்டு வசூலித்துக் காவல்காரர்களை விரட்டினார்கள். இரு பக்கமும் நியாயம் பேச இடமுள்ள சண்டை அது. அதை ஒரு சாதியின் பிறவிக் குணமாக எழுதியது 1892இல் வந்த முல்லாலியின் புத்தகம் போன்ற போலீஸ் கையேடுகள். அவற்றைப் படியுங்கள், ஆனால் போலீஸ்காரர் எழுதியது என்ற நினைவோடு படியுங்கள்.

ஒரு முறை ஒரு பையன் ஜெராக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். குடும்பத்தில் யாரோ எப்போதோ எடுத்து வைத்தது. அச்சடித்த படிவம்; கட்டங்களில் ஆங்கிலக் கையெழுத்து. பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உத்தேச வயது. அங்க அடையாளம்: இடது முழங்கையில் தழும்பு. கீழே இரண்டு வரிசையாகப் பத்து விரல் ரேகை. சுண்டுவிரல் மட்டும் சரியாக உருளாமல் பாதி அழிந்திருந்தது. முந்தைய தண்டனை என்ற கட்டம் இருந்தது; அதில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். பையன் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. ரேகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கண் கலங்கியிருந்தது. "அப்ப எங்க பூட்டன் திருடன்தானா அய்யா?" என்றான். அந்தக் கோட்டின் மேல் அவன் விரலைப் பிடித்து வைத்தேன். "எந்தக் கோர்ட்டும் அவர அப்படிச் சொல்லலப்பா. இந்தக் காகிதமே அதுக்குச் சாட்சி" என்றேன்.

இந்தப் பதிவை மறுத்து நின்ற ஊர் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி ரேகை எடுக்க வந்தவர்களை ஊர் திருப்பி அனுப்பப் பார்த்தது, போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் இறந்தார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திப் போனதாக ஊர் சொல்கிறது. மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். எங்கள் ஜனம் அவருக்கு ரோசாப்பூ துரை என்று பெயர் வைத்தது. பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை இட்டது. அரசாங்கம் எழுதியதைப் படிக்க எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். இறந்தவர்களின் பெயரைப் படிக்க பெருங்காமநல்லூர் நினைவுத் தூணுக்குப் போக வேண்டும். இரண்டையும் படித்தவனே அந்த வரலாற்றை எழுத முடியும்.

போராட்டங்களுக்குப் பிறகு 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952இல். ஆனால் 1948லேயே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று சென்னை மாகாணம் வேறொரு சட்டம் போட்டது. சாதிக்குப் பதில் ஆளின் பெயரை எழுதும் சட்டம் அது. ஸ்டேஷனில் ஹிஸ்டரி ஷீட் திறக்கும் வழக்கமும் நிற்கவில்லை. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், பின்தங்கிய நிலையில் பிறந்தார்கள் என்பதற்காக நிரபராதிகளின் பெயரை ஹிஸ்டரி ஷீட்டில் இயந்திரம் போல் ஏற்றக் கூடாது என்று எச்சரித்தது. அதே ஆண்டு அக்டோபரில், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ரேகைச் சட்டம் போய் முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே தேடுங்கள் என்றுதான் சொல்வேன். வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். மேல் கோர்ட் எண்ணில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். தீர்ப்பு கிடைத்தால் முழுவதும் படியுங்கள். குற்றம் நடந்திருந்தால் நடந்தது என்று எழுதுங்கள், பாதிக்கப்பட்டவர்களுக்கும் குடும்பம் இருந்தது. தீர்ப்பு இல்லை என்றால், 'தீர்ப்பு இல்லை' என்ற சொல்லையே குடும்ப வரலாற்றில் எழுதுங்கள். பலரும் எழுதாமல் விடும் வரி அதுதான். உயிரோடு இருப்பவர்களின் பெயரை மட்டும் வெளியில் போடாதீர்கள். காகிதத்தில் பெயர் ஏறியதால் பட்ட பாடு எங்கள் ஜனத்துக்குத் தெரியும். அதை இன்னொருவருக்கு நாம் செய்யக் கூடாது.

அரசாங்கத்திடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. ஸ்டேஷன்களிலும் தாலுகா அலுவலகங்களிலும் ரேகைப் பதிவேடுகள் இன்னும் மிச்சம் இருந்தால், அவற்றைக் கழிவுக் காகிதமாக எடைக்குப் போட வேண்டாம். காப்பகத்துக்கு அனுப்புங்கள். எங்கள் தாத்தாக்களைக் குற்றவாளி என்று எழுதிய காகிதம் அது. அவர்கள் மேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதற்கும் அந்தக் காகிதத்தை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது.